காற்றுப் புகாத கருவாட்டுப் பெட்டி

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் மீன் சமைத்ததில்லை. நான் சமைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை, ஆறு கிலோ, அதுவும் தெரியாமல்.

மானிப்பாயில் எங்கள் வீட்டுச் சைவம் கொஞ்சம் கடுமையானது. (முட்டை போட்ட கேக்கை அப்பா வாசல் படலையடியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்.) அப்படிப்பட்ட வீட்டுப் பெண் பொறியியல் படிக்கப் போய், கொழும்புத்துறைக் கரையில் மீன் அவித்த கதையை மறைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். நான் மறைத்தாலும் அம்மா சொல்லிவிடுவார். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வருடத்தில் சாந்தினி மிஸ் எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தார். முதல் நாளே, "இந்தப் பாடத்துக்குச் சோதினை இல்லை" என்றார். வகுப்பே கைதட்டியது. "கேள்வியும் நான் தரமாட்டன். வெளியிலை போய் ஆருக்காவது உள்ள பிரச்சினை ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. அதைத் தீர்க்கிற மாதிரி ஒரு சாமான் உங்கடை கையாலை செய்யுங்கோ" என்றார். கைதட்டல் நின்றுவிட்டது.

மேசையில் ஒரு பழைய பிஸ்கட் பேணி இருந்தது. அதன் மூடியில் துளை போட்டிருந்தார். கணக்குப் போடுவதற்கு முன்னால், செய்யப்போகும் சாமான் எப்படி வேலை செய்யும் என்று மனத்தில் படுவதை ஆளுக்கொரு தாள் துண்டில் எழுதி அதில் போட வேண்டும். சாமானைச் சோதிக்கும் நாளில் எல்லார் முன்னிலையிலும் பேணி திறக்கப்படும்.

"பிழைச்சாப் புள்ளி குறையாது. ஆனா முதல் ஊகம், பிறகு கணக்கு. உங்கடை மனத்துக்கும் கொஞ்சம் வேலை குடுங்கோ" என்றார் மிஸ்.

எனக்கு இது பாலர் வகுப்பு விளையாட்டாகப் பட்டது. வெப்பவியலில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எடுத்தவள் நான். (அதை அந்த வருடம் சந்தித்த அனைவரிடமும், பஸ் நடத்துனர் உட்பட, சொல்லியிருப்பேன்.) ஆகவே எங்கள் சாமான் எதுவென்று முடிவானதும் வீட்டுக்குப் போய், மூன்று தாளில் கணக்குப் போட்டு, வந்த விடையை எழுதி, ஊகம் என்று பேணிக்குள் போட்டேன். களவுதான். ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் குழுவில் இரண்டே பேர்: நானும் கஜனும். கஜனுக்குக் கணக்கு வராது, ஆனால் எந்தச் சாமானையும் கழற்றிப் பூட்டுவான். பிரச்சினையைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். கொழும்புத்துறையில் அவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஜெசிந்தா அக்கா கருவாடு போட்டு விற்றார். வெயில் காலத்தில் குறையில்லை. மாரி தொடங்கினால் மழைக்கு மீனைத் தூக்கி உள்ளே வைப்பதும் வெளியே வைப்பதுமாக அவருக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

வெயிலைப் பிடித்து வைக்கும் பெட்டி ஒன்று செய்தால் போதும் என்று நான் தீர்ப்பளித்தேன். பலகைப் பெட்டி, உள்ளே கறுப்பு மைப் பூச்சு, மேலே கண்ணாடி, நடுவில் மீன் அடுக்க வலைத் தட்டு. மழை உள்ளே போகாது. அதோடு, சூடு வெளியே போகக் கூடாது.

இந்தக் கடைசி வசனத்தில்தான் என் வளர்ப்பு வெளிப்பட்டது. எங்கள் வீட்டில் எதையும் வீணாக்கக் கூடாது. அறையை விட்டு வெளியேறும்போது மின்விசிறியை நிறுத்தாவிட்டால் அப்பா அன்று முழுக்க எங்களுடன் கதைக்கமாட்டார். அந்த அப்பாவின் மகள் சூட்டை வீணாக்குவாளா? கஜன் ஒரு பழுதான குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பரைக் கழற்றி வந்து, எங்கள் பெட்டியின் விளிம்பெல்லாம் ஒட்டினான். மிச்ச இடைவெளிகளை நான் பசை வைத்து அடைத்தேன். எறும்பு கூடப் போக வழியில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

மிஸ் வந்து பார்த்தார். பெட்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

"மீனிலை இருக்கிற தண்ணி எங்கை போகும்?"

"ஆவியாப் போகும், மிஸ்."

"ஆவியாகி எங்கை போகும்?"

"மேலை, மிஸ்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது பாராட்டு என்று நினைத்தேன்.

சோதிப்பதற்குக் குறித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் மழைக்குப் பிறகு நல்ல வெயில், கடலேரியிலிருந்து நல்ல காற்று. ஜெசிந்தா அக்கா முதல் நாளே பன்னிரண்டு கிலோ கட்டா மீனை வெட்டிப் பிளந்து உப்புப் போட்டு வைத்திருந்தார். (மீனைப் பார்க்காமலே அதன் எடையைக் கணக்கில் போட்டவள் நான். அன்றுதான் முதல் தடவையாகக் கிட்ட நின்று பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.)

"சனிக்கிழமை ஒரு ஆள் கனடா போறார். அங்கை என்ரை தங்கச்சி பிள்ளைத்தாச்சி. ஒரு சாப்பாடும் இறங்குதில்லையாம், கட்டாக் கருவாடு வேணுமெண்டு போனிலை அழுறாள். அவவுக்குத்தான் இது" என்றார்.

எனக்கு நெஞ்சு விம்மியது. என் பெட்டி, ஒரு கர்ப்பிணி, கண்டம் தாண்டும் கருவாடு. "அக்கா, பன்னிரண்டையும் தாங்கோ. இண்டைக்குப் பின்னேரமே காய்ஞ்சிடும். பொறுப்பு என்ரை" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முதல் ஆறு போடுவம், தங்கச்சி."

"பன்னிரண்டும் கொள்ளும், அக்கா. கணக்குப் பார்த்தனான்."

"ஓம், கொள்ளும். ஆறு போடுவம்" என்றார்.

மிஸ்ஸின் பேணியும் வந்திருந்தது. "பிரச்சினை உங்கடைதானே, நீங்களும் ஒரு ஊகம் எழுதுங்கோ" என்று மிஸ் கேட்க, ஜெசிந்தா அக்கா வெட்கத்தோடு ஒரு துண்டில் எதையோ எழுதிப் போட்டார்.

பதினொரு மணிக்குள் கண்ணாடியின் உட்புறமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். "பாத்தீங்களே, தண்ணி வெளியேறுது!" என்று நான் துள்ளினேன். வெளியேறிய தண்ணீர் கண்ணாடியில் கோத்து, மறுபடி மீனின் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. அதை என் கண் பார்த்தது. மூளை பார்க்கவில்லை.

பின்னேரம் மிஸ்ஸோடு வேறு இரண்டு விரிவுரையாளர்களும் வந்தார்கள். நான் சிறு உரை ஒன்று நிகழ்த்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். குப்பென்று எழும்பிய ஆவியில் என் மூக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மணம் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு மீனைத் தூக்கினேன். தலையும் வாலும் என் கையில் வந்தன, நடுப்பகுதி தட்டிலேயே கிடந்தது. அந்தத் தெருவில் இருந்த பூனையெல்லாம் எங்கிருந்தோ வந்து வேலியில் வரிசையாகக் குந்தின.

கஜன் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டான். "நல்லா அவிஞ்சிருக்கு. உப்புத்தான் கொஞ்சம் கூட. பாண் இருந்தாச் சோக்காயிருக்கும்" என்றான்.

மிஸ் பேணியைத் திறந்தார். முதலில் கஜனின் துண்டு: 'மணக்கும்.' அடுத்தது என்னுடையது: 'ஐந்து மணித்தியாலம் நாற்பது நிமிடத்தில் காயும்.' மிஸ் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மனத்திலை பட்டதைத்தானே எழுதச் சொன்னனான். மனத்துக்கு உந்த நாப்பது நிமிசம் எங்கையிருந்து வந்தது?"

நான் மூக்குக் கண்ணாடியை மறுபடி துடைத்தேன். மூன்றாவது துண்டு ஜெசிந்தா அக்காவுடையது. மிஸ் வாசித்தார்: 'பிள்ளையள் மீனை அவிச்சுப்போடுவினம்.'

விரிவுரையாளர்கள் சிரித்தார்கள். கஜன் பெட்டியிலேயே சாய்ந்து சிரித்தான். நான் அழுதுவிட்டேன். புள்ளிக்காக அல்ல. கனடாவில் ஒரு பெண் பசியோடு காத்திருக்கிறாள், அவளுடைய கருவாட்டை நான் பூனைக்குப் போட்டுவிட்டேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, தங்கச்சிக்கு இப்ப என்ன அனுப்புவீங்கள்?" என்று விம்மினேன்.

ஜெசிந்தா அக்கா என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வெயிலில், காற்றில், கட்டி வைத்த வலையின் மேல் மற்ற ஆறு கிலோவும் பாதி காய்ந்து கிடந்தன. சனிக்கிழமைக்குள் தாராளமாகக் காய்ந்துவிடும்.

"அவியுமெண்டு தெரிஞ்சும் ஏன் அக்கா எங்களுக்கு ஆறு கிலோ தந்தனீங்கள்?"

"அவ்வளவு ஆசையோடை செய்து கொண்டு வந்தனீங்கள். எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது?"

"அப்ப முதலே எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே?"

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன். நீங்கள் கேக்கேல்லைத் தங்கச்சி" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அது தைத்த இடம் இன்னும் எனக்குத் தெரியும்.

அதற்குள் கஜன் பேக்கரிக்கு ஓடி நான்கு றாத்தல் பாண் வாங்கி வந்துவிட்டான். அக்கா சம்பல் இடித்தார். விரிவுரையாளர்கள் உட்பட எல்லாரும் வீட்டு வளவில் குந்தியிருந்து என் ஆராய்ச்சியைச் சாப்பிட்டார்கள். சைவக்காரி நான் மட்டும் வெறும் பாணைக் கடித்தேன்.

மானிப்பாய் பஸ்ஸில் நிற்க இடமில்லாத சனம். ஆனாலும் என் பக்கத்து இருக்கையில் யாரும் இருக்கவில்லை. வீட்டுப் படலையைத் திறந்ததும் அம்மா, "உதிலையே நில்!" என்று கத்தினார். கிணற்றடியில் வைத்து வாளி வாளியாக ஊற்றினார். குளிரில் நடுங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எடியே, வேப்பம்பூ வடகத்தை நான் மூடி வைச்சே காயவைக்கிறனான்?"

பிறகு கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டு முற்றத்தில் வடகமும் மோர்மிளகாயும் காயக் கண்டவள் நான். கொடியில் சீலை காயக் கண்டவள். அதையெல்லாம் பல்கலைக்கழக வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன்.

அடுத்த நாள் மிஸ் எங்களைத் திட்டவில்லை. "பெட்டிதான் பிழைச்சது. பாடம் இப்பதான் தொடங்குது" என்று சொல்லி மரம் அறுக்கும் வாள் ஒன்றைக் கையில் தந்தார். கீழே துளை, மேலே புகைபோக்கி போல ஒரு குழாய். எத்தனை துளை என்பதை இந்தத் தடவை ஜெசிந்தா அக்காவிடம் கேட்டோம். அவர் பெட்டிக்குள் கையை விட்டுக் காற்றைப் பார்த்து, "இன்னும் ரெண்டு போடுங்கோ" என்றார். பிறகு நான் கணக்குப் போட்டேன். கணக்கிலும் இன்னும் இரண்டு துளைதான் வந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அவர் எங்களை நம்பி மறுபடி மீன் தந்தார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதைவிடப் பெரியது இல்லை. பெட்டி இன்றும் அவருடைய வளவில் மாரிக்கு மாரி வேலை செய்கிறது.

இப்போது நான் கட்டடங்களுக்குக் காற்றோட்டம் அமைக்கும் வேலை செய்கிறேன். (சிரிக்க வேண்டாம், அதுதான் உண்மை.) எந்த வேலைக்கும் கணினியைத் திறக்குமுன் ஊகத்தை ஒரு துண்டில் எழுதி வைக்கிறேன், நிமிடக் கணக்கு இல்லாமல். அந்தக் கட்டடத்தில் நாள் முழுக்க இருப்பவர்களிடம் போய்க் கேட்கவும் செய்கிறேன். மிஸ்ஸும் ஜெசிந்தா அக்காவும் எனக்குத் தந்தது அதுதான். இருவரையும் நினைக்காத வேலை நாள் எனக்கு இல்லை.

என் கலியாணம் மானிப்பாயில் நடந்தது. மண்டபத்தில் சனம் நெரிந்து, மூச்சு முட்டியது. தாலி கட்டி முடிந்ததும் அம்மா அத்தனை பேர் முன்னால், "கதவுகளைத் திறந்துவிடுங்கோ, பொம்பிளை ஒருக்கால் ஆறு கிலோ அவிச்சவள்!" என்று கூவினார். ஜெசிந்தா அக்காதான் எல்லாரிலும் பலமாகச் சிரித்தார். பக்கத்தில், கனடாவிலிருந்து வந்த அவருடைய தங்கையும், அந்தக் கருவாட்டைத் தாயின் வயிற்றிலிருந்தே ருசி பார்த்த மகளும்.

அக்கா தந்த பரிசைத் திறந்தோம். ஒரு பிஸ்கட் பேணி. உள்ளே சைவக் குடும்பத்துக்கு ஏற்றபடி, மொறுமொறுவென்று காய்ந்த மோர்மிளகாய். மேலே மடித்து வைத்த ஒரு துண்டு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்:

'மூடாமல் காயவைச்சது.'