மிளகுக் கண்ணும் கடுகுக் கண்ணும்

என் மனைவி காத்தாயியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவளுக்குப் பேச்சு நின்றிருந்தது. என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள். தலையாட்டினாள். பாசம் என்று சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். அது சோதனை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளைக்காரன் காலம். மாத்தளைக் கடைத்தெருவில் எனக்கு மிளகு நிறுக்கும் வேலை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார் கண்டி டாக்டர். வலிக்காதாம். ஓரத்திலிருந்து பார்வை போகுமாம். போனது திரும்பாதாம். ஆயுசுக்கும் சொட்டு மருந்து.

வலிக்காத நோய்க்கு வலிக்கிற மருந்து! கண்ணில் விட்டால் புருவம் இடிக்கும். பட்டப்பகலில் கடை இருண்டுபோகும். தராசு முள் தெரியாது. நோயோடு நன்றாகத் தெரிந்த கண் வைத்தியத்தில் மங்கியது. மருந்தைக் கண்ணில் விடுவதில்லை என்று வீரத் தீர்மானம் எடுத்தேன், காத்தாயிக்குத் தெரியாமல். சொட்டு கறிவேப்பிலை மரத்துக்கு. அலறல் மட்டும் என்னுடையது.

மிளகு புடைத்துக்கொண்டிருந்த காத்தாயி சுளகோடு கிட்டே வந்தாள்.

"மருந்து விட்டீங்களா?"

"கத்தினது கேக்கலையா?"

"கத்தினது நல்லாத்தான் இருந்திச்சு. கண்ணுக்குத்தான் பொய் சொல்ல வரல."

"என்ன புள்ள சொல்ற?"

"மருந்து விட்டா கண்ணுமணி கடுகாட்டம் சுருங்கும். இன்னைக்கு மிளகாட்டம் இருக்கு. மிளகு தெரியாதவளா நானு?"

அசந்துபோனேன். ஆனால் நானும் மிளகுக்காரன்தான். வெயில் பட்டால் கண்மணி தானாகச் சுருங்குமே! மறுநாள் முற்றத்து வெயிலில் நின்று கண்ணாடி பார்த்தேன். அசல் கடுகு. நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனேன்.

"இப்ப பாரு!"

அவள் பார்க்கவில்லை. சன்னலில்லாத அடுப்படியில் பலகையைப் போட்டாள்.

"குந்துங்க. உலை கொதிக்கட்டும்."

கொதித்தது. அடுப்பு வெளிச்சத்தில் என் தாடையைத் திருப்பினாள்.

"வெயில்ல சுருங்கினது இருட்டுல விரிஞ்சிரும். மருந்துல சுருங்கினது விரியாது. மிளகு! அண்ணாந்துக்குங்க."

சொட்டு விழுந்தது. நிஜமாகவே அலறினேன்.

"ஆங், இதுதான் சரியான சத்தம்" என்றாள்.

அதன்பிறகு தினமும் அந்த அடுப்படி, அந்தப் பலகை, அந்தக் கை. சாகிற அன்றும் அவள் பார்த்தது கடுகைத்தான்.

இப்போது ஏமாற்ற வழி இருக்கிறது, ஆளில்லை. உலை வைத்ததும் நானே போய்ப் பலகையில் அண்ணாந்துகொள்கிறேன்.

கறிவேப்பிலை மரம் பட்டுப்போய்விட்டது. இந்த வரிகளை நானே பார்த்துத்தான் எழுதுகிறேன்.