பூட்ஸ் கராஜிலேயே இருக்கட்டும்

நம்மிடையே மொழிபெயர்க்கும் அப்பா என்றோர் இனம் உண்டு. அவர் மொழிபெயர்ப்பது புத்தகங்களை அல்ல, பெற்ற பிள்ளையின் பிழைப்பை. பிள்ளை டிரம்ஸ் அடித்தால் 'சவுண்ட் இன்ஜினியரிங்'. நாய்களுக்கு முடி வெட்டினால் 'வெட்டினரி லைன்'. வேலையே இல்லையென்றால் 'ஸ்டார்ட்அப்'. பொய் என்று சொல்லிவிடாதீர்கள், மனம் புண்படுவார்.

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் ஊரில் இருக்கும் பால்துரை இந்த இனத்தில் மூத்தவர். மகள் ஆன்லின் வாரநாட்களில் நர்ஸ். அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் ராணுவத்தின் ரிசர்வ் படையில் சார்ஜென்ட். அந்த இரண்டு நாட்களைச் சர்ச் சபையாரிடம் பால்துரை ஆறு வருடமாக 'கான்ஃபரன்ஸ்' என்று சொல்லி வந்தார். கான்ஃபரன்ஸுக்கு யாராவது ராணுவச் சீருடையில் போவார்களா? அதனால் சீருடை மாட்டுவது, பூட்ஸ் கட்டுவது எல்லாம் கராஜில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், கதவை இறக்கிவிட்டு. அவள் காருக்குள் ஏறிய பிறகுதான் கதவு மேலே போகும்.

"ஒரு தடவை உண்மையைச் சொல்லுங்கப்பா," என்பாள் ஆன்லின். "அது போதும்."

"கல்யாணம் முடியட்டும்மா."

அதே சபையைச் சேர்ந்த ஜூடித்தின் மகன் ஆட்ரியன் 'ஃபுட் சயின்ஸ்' துறையில் இருந்தான். அவனுக்கும் ஆன்லினுக்கும் வரன் பேச்சு கனிந்துகொண்டிருந்தது. அப்போது பார்த்து, ரிசர்வ் வீரர்களின் அன்றாட வாழ்க்கை பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. அதில் ஆன்லின் பதினோரு நிமிடம். சபையின் வாட்ஸ்அப் குழுவில் அதே பேச்சு. பால்துரை 'மெடிக்கல் லீடர்ஷிப் புரோகிராம்' என்று உடனே திருத்திய பதிப்பை வெளியிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் தன் வீட்டுக்கே படம் பார்க்க அழைத்தார். ஏன்? தன் வீடென்றால் ரிமோட் தன் கையில்.

துப்பாக்கி வந்தது. நிறுத்தினார். "சும்மா போட்டோவுக்கு." சேற்றில் தவழ்ந்தார்கள். நிறுத்தினார். "டீம் பில்டிங்."

"ப்ளே பண்ணுங்கப்பா," என்றாள் சோபா ஓரத்தில் இருந்த ஆன்லின்.

அடுத்து வந்தது கராஜ். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஆன்லின் பூட்ஸ் கட்டுகிறாள். ஏன் இங்கே என்று ஒரு குரல் கேட்கிறது. அப்பாவின் உத்தரவு, யாரும் பார்க்கக் கூடாது, ஆறு வருடமாக நான் கான்ஃபரன்ஸில் இருக்கிறேன் என்று திரையில் அவள் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ரிமோட் நன்றாகத்தான் இருந்தது. கட்டைவிரல்தான் வேலை செய்யவில்லை.

"மாசா மாசம் கான்ஃபரன்ஸுன்னதும் பெரிய ப்ரைஸ் ஏதோ வாங்கப் போறான்னுல்லா நெனச்சேன் அண்ணாச்சி," என்றாள் ஜூடித். "விடுங்க, மிச்சத்தையும் பாப்போம்."

மிச்சம், வீரர்களின் மதிய உணவு. சீருடையில் இருபது பேர் ஒரு சாப்பாட்டு டிரக்கின் முன் வரிசையில் நிற்கிறார்கள். டிரக்கின் ஜன்னலில், தலையில் கர்ச்சீப் கட்டி, இரண்டு கையாலும் பரோட்டாவைக் கொத்திக்கொண்டிருந்தது ஃபுட் சயின்ஸ்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பாஸ் பண்ணுங்க," என்றாள் ஜூடித் மெல்ல.

பால்துரை பண்ணினார். திரையில் ஆட்ரியன் கையைத் தூக்கியபடி உறைந்து நின்றான்.

"கொத்து பரோட்டா சூப்பர் ஆன்ட்டி," என்றாள் ஆன்லின். "எங்க யூனிட்டே அவனுக்கு ஃபேன். நாங்க மொதல்ல பேசினதே அந்த லைன்லதான்."

அறையே சிரித்தது. ஜூடித் காபியை ஒரு வாய் குடித்து, கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சரி. எம்மவன் டிரக்குல பரோட்டா போடுதான். நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்க மக என்ன பண்ணுதா?"

ஆன்லின் அப்பாவைப் பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்மி," என்றார் பால்துரை. வீட்டுக்குள் அந்தச் சொல் முதல் தடவையாகச் சத்தமாகக் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டார். "சார்ஜென்ட்."

ஆன்லின் நிமிர்ந்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இனத்தின் குணம் விடுமா?

"பார்ட் டைம்தான்."

"அப்பா."

"சரிம்மா. சார்ஜென்ட்."

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் பையன் சௌக்கியமா? என்ன செய்கிறான்? சும்மாதான் கேட்டேன். அதற்கு ஏன் 'இப்போதைக்கு' என்று ஆரம்பிக்கிறீர்கள்?