மூத்தாளுக்கு டயர் எடுத்த கதை

கையில் டேப் வைத்திருப்பவர்கள் தப்பு செய்ய மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. தையல்காரர், கொத்தனார், சர்வேயர் எல்லோரும் சேர்ந்து பல காலமாகக் காப்பாற்றி வந்த நம்பிக்கை. போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் பாம்பூஃபிளாட்டில் அதை ஒரே மதியத்தில் ஒழித்துக்கட்டியவள் நான்தான்.

முதலில் மூத்தாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். அப்பா மாயாபந்தரில் பள்ளிக்கூடக் கிளார்க்காக இருந்தபோது, மெயின்லேண்டுக்கே திரும்பிப் போன ஒரு வாத்தியாரிடமிருந்து வாங்கினார். அப்போதே அதற்கு நல்ல வயது. இரண்டு சைலன்சர், உதைக்கிற கம்பியை மடக்கினால் அதுவே கியர். அம்மா கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கியபோது ஜெட்டியில் அப்பாவோடு நின்று வரவேற்றது அந்த வண்டிதான். "எனக்கு முன்னாலயே வந்து உக்காந்துட்டா, மூத்தாள்" என்று அம்மா அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார். இளையாளைவிட மூத்தாளைத்தான் அப்பா அடிக்கடி துடைக்கிறார் என்ற புகார் இன்றுவரை விசாரணையில் இருக்கிறது.

இவ்வளவு பழைய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வண்டி; போடாவிட்டால் இரும்பு. போன தடவை பார்த்தவர் பின் டயரைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு தன் வழுக்கையை ஒருமுறை தடவிக்கொண்டார். அடுத்த முறையும் இதே டயரோடு வந்தால் எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிற வண்டிதானே என்று அப்பா ஐந்தாண்டையும் அதே டயரில் ஓட்டி முடித்தார். அந்த அடுத்த முறையும் வந்துவிட்டது.

நான் சென்னையில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. வீட்டில் ரிப்பேர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் ரிப்பேர் செய்தாகிவிட்டது (நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி உட்பட). டயர் விஷயம் காதில் விழுந்ததும், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவின் முகத்தில் ஒரு கவலை தெரிந்தது. அதைப் பெருமிதம் என்று குறித்துக்கொண்டேன்.

போர்ட் பிளேரில் அப்பா வழக்கமாகப் போகும் டயர் கடை ஒரு வங்காளி தாதாவினுடையது (ரவுடி இல்லை; அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன்). கையில் ஒரு தாளோடு போனேன். அதில் பதினான்கு கேள்விகள். ஈரச் சாலையில் பிடிப்பு எப்படி? உப்புக் காற்றைத் தாங்குமா? எத்தனை கிலோ சுமக்கும்? முன் டயரும் பின் டயரும் ஒரே வார்ப்பில் வந்த ஜோடியா? தாதா பதினான்குக்கும் பொறுமையாக ஒரே பதில் சொன்னார்: "சலேகா." (எங்கள் தீவில் இந்த ஒரு சொல்லுக்கு ஓடும், போதும், சமாளிக்கலாம், கடவுள் விட்ட வழி என்று நான்கு பொருள் உண்டு.) தாளில் பதினான்கு கட்டத்திலும் 'தகவல் இல்லை' என்று எழுதிக்கொண்டு எழுந்தேன். பின்னால் அலமாரியில் ஒரு ஜோடி டயர் தூசியோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வந்தது நினைவிருக்கிறது.

அடுத்த மூன்று வாரம் லேப்டாப்பில் அட்டவணை. ஒன்பது வகை டயர், பதினான்கு தகுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண். சம்பந்தம் பேசும்போதுகூட எங்கள் குடும்பத்தில் இவ்வளவு விசாரித்ததில்லை என்று அம்மா சொன்னார்.

கடைசியில் மீதமிருந்தது அளவு. அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. சக்கரத்தைக் குறுக்கே, மூன்று இடத்தில், மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன். நானூற்று எண்பத்தைந்து மில்லிமீட்டர். அதாவது பத்தொன்பது புள்ளி ஒன்று அங்குலம்.

"டயர்லயே எழுதியிருக்கே, பாப்பா. பதினெட்டுன்னு," என்றார் அப்பா.

"எழுதியிருக்கறது டயரோட அளவுப்பா. நான் எடுத்தது சக்கரத்தோட அளவு."

அப்பா இதை யோசித்துப் பார்த்தார். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை ஆண்டுகளாக மூத்தாளுக்குச் சின்ன டயரைத் திணித்து ஓட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு பங்ச்சருக்கும் மெக்கானிக் இஸ்மாயில் பாய் லீவர் போட்டு நெம்பி, வியர்த்து, மலையாளத்தில் ஏதோ சொல்கிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுச் சட்டையைப் போட்டால் வேறெப்படி இருக்கும்? இவ்வளவு காலம் யாருமே அளந்து பார்க்கவில்லையே என்று அவர்களுக்காக வருத்தப்பட்டேன். சென்னையிலிருந்து பத்தொன்பது அங்குலத்தில் ஒரு ஜோடி வரவழைத்தேன்.

கடல் சரியில்லை, கப்பல் தாமதம். ஆய்வு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. டயர் வந்து சேர்ந்தது வியாழக்கிழமை மதியம். நேராக இஸ்மாயில் பாயின் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அப்பா மூத்தாளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தார். பட்டறை ஜெட்டிக்கு இறங்கும் சரிவான ரோட்டின் மேல்முனையில் இருக்கிறது (இந்தச் சரிவை நினைவில் வைத்துக்கொள்ளவும்). சக்கரங்களைக் கழற்றி, பழைய டயர்களை வெட்டியே எடுத்துவிடச் சொன்னேன். இனி அவற்றுக்கு என்ன வேலை?

பாய் முதல் டயரை எடுத்துச் சக்கரத்தின் மேல் வைத்து, லீவரைத் தேடத் திரும்பினார். நான் லேசாகக் கையால் அழுத்தினேன். வளையல் போடுவது போல ஏறிவிட்டது. டீக்கடை வாசலில் நின்ற இரண்டு ஆட்டோக்காரர்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். பாய் லீவரைக் கையில் பிடித்தபடியே சக்கரத்தைச் சுற்றி வந்தார்.

"பேட்டி, டயர் இவ்ளோ மரியாதையா ஏறாது." (பேட்டி என்றால் இந்தியில் மகள்.)

"சரியான அளவா இருந்தா இப்படித்தான் ஏறும், பாய்."

சொன்னேன். நான்தான் சொன்னேன். இரண்டு ஆட்டோக்காரர்களும் சாட்சி. அதில் ஒருவர் இன்றும் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இதைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போவார்.

காற்று அடித்தோம். போர்வைக்குள்ளிருந்து குழந்தை தலையை நீட்டுவது போல டியூப் ஒரு பக்கமாக எட்டிப் பார்த்தது. பாய் உடனே காற்றைப் பிடுங்கிவிட்டார். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று படித்திருந்தேன். இரண்டாவது சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். காற்று அதிகமானால் டயர் தானாக உட்கார்ந்துகொள்ளும் என்று ஒரு விளக்கம் கொடுத்துவிட்டு, நானே அடித்தேன்.

வெடிச் சத்தத்தில் டீக்கடையில் ஒரு கிளாஸ் உடைந்தது. சக்கரம் பாயின் கையில் இருந்தது. டயர் இல்லை. அது ஒரு துள்ளு துள்ளி, ரோட்டில் நிமிர்ந்து நின்று, ஒரு கணம் யோசித்து, ஜெட்டியை நோக்கி உருள ஆரம்பித்திருந்தது.

ஓடினேன். நேர்கோட்டில் நிலையாக ஓடும் தன்மைக்கு நான் அதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்திருந்தேன். ஒன்று குறைத்தது தவறு. ஒரு தேங்காய் வண்டியையும் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாயையும் பதமாகத் தவிர்த்து, படகுக்காக நின்ற வரிசையை இரண்டாகப் பிரித்து, ஜெட்டி விளிம்பில் ஒரு முட்டு முட்டிக் கடலில் குதித்தது.

நான் மூச்சு வாங்கிப் போய்ச் சேர்வதற்குள் எதிர்க்கரையில் சாத்தம் துறைக்குப் போகிற படகின் லஸ்கர், அதாவது கயிறு கட்டுகிற ஆள், கொக்கிக் கம்பால் அதை மேலே இழுத்துவிட்டார். இழுத்ததோடு நிற்கவில்லை. படகு ஜெட்டியில் மோதாமலிருக்கப் பக்கவாட்டில் பழைய டயர்கள் தொங்குமல்லவா, அதில் ஒன்று முதல் நாள்தான் அறுந்து போயிருந்ததாம். கடல் அனுப்பியதை அந்த இடத்தில் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அது என்னுடையது என்றேன்.

"ஓ, உங்களதா? உங்க வண்டிக்குச் சேருமா?"

பொய் சொல்லத் தெரியாத குடும்பம். நான் தண்ணீரைப் பார்த்தேன். அதற்குள் அப்பா இறங்கி வந்துவிட்டார். டயரைப் பார்த்தார், படகைப் பார்த்தார்.

"விடு, பாப்பா. சேர வேண்டிய எடத்துல சேந்துருச்சு."

பிறகு மேலே போய் மற்றொரு டயரையும் எடுத்து வந்து லஸ்கரிடம் கொடுத்தார். ஜோடி பிரியக்கூடாது என்று உன் தாளில் நீதானே எழுதியிருந்தாய் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அவர் நிஜமாகவே ஜோடியைப் பற்றித்தான் யோசித்திருந்தார்.

மணி மூன்று. மூத்தாள் பட்டறையில் செங்கல் மேல் சக்கரமில்லாமல் நின்றாள். நாளைக் காலைக்குள் அவளுக்குக் கால் வேண்டும், இல்லாவிட்டால் எடைக்கு. அதே படகில் ஆளுக்கொரு வெறும் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எதிர் பெஞ்சில் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா.

"என்னடி, சக்கரம் மட்டும் வருது. டயர் எங்க?"

"வெளிய வருதுக்கா," என்றேன். அக்கா எட்டிப் பார்த்தார். அதன் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாத்தம் வரை தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

தாதா கடையில் அந்தத் தூசி படிந்த ஜோடி இருக்குமா என்பதுதான் வழியெல்லாம் என் பிரார்த்தனை. இருந்தது. என்னைப் பார்த்ததும் தாதா பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், பதினான்குக்கும் தயாராக. நான் சக்கரத்தை மட்டும் நீட்டினேன். இந்த முறை அவரே கேட்டார்.

"சைஸ்?"

என் வாழ்க்கையில் நான் பதில் தெரியாமல் நின்ற மிகச் சிறிய கேள்வி அது. அப்பா மெதுவாக, "அட்டாரா," என்றார். பதினெட்டு.

தாதா சக்கரத்தை வாங்கித் திருப்பி, விளிம்புக்கு உள்ளே இருக்கும் பள்ளமான மடிப்பை விரலால் காட்டினார். டயர் உட்காருவது இங்கே, அளவு இங்கிருந்துதான். வெளியே நிற்கும் விளிம்பு டயர் கழன்று போகாமல் காக்கிற வேலி. நான் வேலியை அளந்து, வீட்டின் அளவு என்று மூன்று முறை சராசரி எடுத்திருந்தேன். டயர் மாட்டும்போது பாய் வியர்ப்பது தவறால் அல்ல. அப்படித்தான் வியர்க்க வேண்டும். அன்று தாதாவின் ஆள் இருபது நிமிடம் லீவர் போட்டு நெம்பினார். அந்த வியர்வையைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மறுநாள் காலை ஆய்வாளர் வந்தார். வேறு ஆள், நல்ல தலைமுடி. அவரும் கட்டைவிரலால்தான் தடவினார். "நயா?" என்றார், புதுசா என்று. "நயா," என்றார் அப்பா. கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று வார அட்டவணையில் சேர்க்க வேண்டியிருந்தது அந்த ஒரு கட்டைவிரல்தான்.

ஐந்தாண்டு ஓடிவிட்டது, எனக்கு வேலையும் கிடைத்துவிட்டது. அலுவலகத்தில் அளவு எடுக்கிற பொறுப்பு என்னுடையதுதான் என்பதை வீட்டில் யாரும் வெளியே சொல்வதில்லை. துணி தைக்கப் போனால், அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிடு, நீயாக எதுவும் சொல்லாதே என்று அம்மா வாசல்வரை வந்து எச்சரிக்கிறார். இந்த ஆண்டு மறுபடி பதிவு புதுப்பிக்கும் காலம். அப்பா எனக்குத் தெரியாமல் தாதா கடைக்குப் போய்ப் புது டயர் போட்டு வந்துவிட்டார். இந்த ஐந்தாண்டில் அன்று போட்ட ஜோடி தேய்ந்துவிட்டதாம். படகில் தொங்கும் என் ஜோடி மட்டும் ஒரு நூல்கூடத் தேயவில்லை. ஈரத்தில் பிடிப்பு, உப்பைத் தாங்குதல், சுமை எல்லாவற்றுக்கும் அட்டவணையில் பத்துக்குப் பத்து போடலாம்.

போன வாரம் அப்பாவும் நானும் அந்தப் படகில் வந்தோம். லஸ்கர் புதியவர், என்னை யாரென்றே தெரியாது. ஜெட்டி நெருங்கியதும் ஓட்டுகிறவரைப் பார்த்து, "இன்ஜினியர் மேடம் பக்கமா அணைங்க," என்று குரல் கொடுத்தார். படகு திரும்பி என் டயர்களின் மேல் பூப்போல உட்கார்ந்தது. அப்பா கடலைப் பார்த்தபடி இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.