பதினெட்டு சென்டிமீட்டர் இடுப்பு

ஐம்பத்திரண்டாவது பிறந்தநாள் கேக் வாயில் இருக்கும்போதே ராடோவான் ஒரு சபதம் செய்தான். வருகிற குளிர்காலத்தில் ரோக்லா மலையில் கோடு கிழித்தே தீருவது.

ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் பூட்டிச் சறுக்குவது வேறு, கோடு கிழிப்பது வேறு. சறுக்குகிறவன் பலகையைப் பனிமேல் தேய்த்துக்கொண்டு போவான். ரொட்டியில் வெண்ணெய் தடவின மாதிரி பின்னால் அகலமாய் ஒரு தடம் கிடக்கும். கோடு கிழிக்கிறவன் பலகையை ஓரத்தில் நிறுத்தி, உடம்பை மொத்தமாய்ச் சரித்து, கை பனியைத் தொடத் தொட வளைந்து போவான். அவன் போன பிறகு பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கோடு மட்டும் இருக்கும். ராடோவான் இருபது வருடத்துக்கு மேலாக வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

ஸ்ரெச்சே ஊரில் அவனுக்கு நில அளவை வேலை. அண்ணன் தம்பி வேலிச் சண்டை எதுவானாலும் ராடோவான் வந்து கல் நட்டால்தான் தீரும். ஒரு மில்லிமீட்டர் பிசகமாட்டான் என்று பெயர். ஊருக்கெல்லாம் எல்லை போட்டவன் தன் வயிற்றுக்குப் போட மறந்திருந்தான்.

குறை தன்னிடம் இல்லை, பலகையில்தான் என்று கண்டுபிடித்தான். கடைப் பலகை. யாரையோ மனதில் வைத்துச் செய்தது. தனக்கென்று அளவெடுத்துச் செய்தால் மலை தானாக வழிக்கு வரும். ஷ்கோஃப்யா லோகா பக்கம் சில்வோ என்று ஒருவர் தனியாகப் பட்டறை வைத்திருந்தார். வருடத்துக்குப் பன்னிரண்டு பலகை செய்வார். பதின்மூன்றாவது ஆள் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. எல்லாம் காகிதம்.

"இதைக் கொஞ்சம் நகர்த்து, சூப் வைக்கணும்," என்றாள் அவன் மனைவி ப்ரெடா. வெந்நீர் ஊற்றுக் குளியல் நிலையத்தில் அவள் உடற்பயிற்சி சிகிச்சையாளர். நாள் முழுக்க அடுத்தவர் முட்டியை மடக்கி நீட்டிவிட்டு வந்திருந்தாள்.

"இரு. இது இடுப்புக் கணக்கு."

"யார் இடுப்பு?"

"பலகையோட இடுப்பு. நடுவுல ஒடுங்கியிருக்குமே, அந்த இடம். பதினெட்டு சென்டிமீட்டர்னா ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரத்துக்கு மாறுறது கண் சிமிட்டுற நேரம். இருபத்திரண்டுன்னா லாரி திருப்புற மாதிரி."

"அப்ப பதினெட்டே வாங்கு."

"அங்கதான் சிக்கல். கால் பெரிசா இருந்தா பூட்ஸ் ரெண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கும். சரியும்போது பனியில இடிக்கும். இடிச்சா ஓரம் கிளம்பிடும். அப்புறம் நாம ஒரு திசை, பலகை ஒரு திசை."

"பாதத்தை இன்னும் நேரா முன்னால பார்த்து வெச்சுக்கலாமே."

"வெக்கலாம். ஓரளவுக்கு மேல போனா முட்டி திருகிக்கும்." ராடோவான் நிமிர்ந்து பார்த்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"முட்டிதானே என் பொழப்பு," என்று அவள் சூப்பை ஊற்றினாள்.

அவனுக்குக் கேட்கிற காது கிடைத்துவிட்டது. விடவில்லை. உள்ளே மரம், மேலும் கீழும் கண்ணாடி இழை, அதோடு மெல்லிசாய் அலுமினியத் தகடு. தகடு இருந்தால் கெட்டிப் பனியில் பலகை அதிராது, ஒட்டிக்கொண்டே போகும். மரத்தின் தடிமன் ஆளின் எடையைப் பொறுத்தது. ஓரத்தில் தனிச் சுவர் வைத்து சாண்ட்விச்சாக அடுக்குவது ஒரு வகை. மேல்தோலை ஓரம் வரைக்கும் கவிழ்த்து மூடுவது இன்னொரு வகை.

"சாண்ட்விச்தான் நல்லது. பிடி விடாது," என்றாள் ப்ரெடா.

நாளைக்கு அலுவலகத்துக்கு எடுத்துப்போகிற சாப்பாட்டைச் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சில்வோ அனுப்பிய படிவத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு கேள்விகள்தான் குத்தின. பூட்ஸ் அளவு என்ன, எடை என்ன. அடியில் சில்வோ கையாலேயே எழுதியிருந்தார்: 'அகலத்தை உங்கள் பாதம் முடிவு செய்யும். நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.'

ராடோவானின் பூட்ஸ் இருபத்தொன்பது சென்டிமீட்டர். உண்மையை எழுதினால் லாரிதான் வரும். அவன் பேனா மேசைமேல் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு இருபத்தைந்தரை என்று எழுதியது. மில்லிமீட்டர் பிசகாத கை ஒரே மூச்சில் மூன்றரை சென்டிமீட்டர் பிசகியது.

ஒரு பொய் எழுதியதும் அது துணைக்கு ஆள் கேட்டது. இருபத்தைந்தரை பாதத்தின்மேல் தொண்ணூற்றொரு கிலோ நிற்கிறது என்றால் யார் நம்புவார்கள்? சில்வோ தொழில் தெரிந்தவர், சந்தேகப்படுவார். எனவே எடை அறுபத்துநான்கு. டிசம்பருக்குள் இளைத்துவிட்டால் அதில் பாதி உண்மையாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற பைண்டிங்கை நன்றாகத் திருப்பி, பாதத்தை நேராக வைத்துக்கொண்டால் மீதியும் சமாளிக்கலாம்.

ரொட்டியைத் தொடாமல் பதினோரு நாள் இருந்தான். பன்னிரண்டாம் நாள் சக அளவையர் வீட்டில் பன்றி அறுத்தார்கள். சுடச்சுட ரத்தத் தொத்திறைச்சி, புளித்த முட்டைக்கோஸ். விரதம் அங்கேயே முடிந்தது.

ஜனவரி இரண்டாம் வாரம் பலகை வந்தது. ராடோவான் உறையைப் பிரித்தான். மேலே மரத்தின் ரேகை அப்படியே தெரிந்தது. இடுப்பு பதினெட்டு சென்டிமீட்டர், நாடா வைத்துப் பார்த்துவிட்டான். வாசல் நடையில் செருப்பு கழற்ற உட்காரும் பெஞ்சின்மேல் சாய்த்து வைத்தான்.

ப்ரெடா வேலையிலிருந்து வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பலகையின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து நுனி முதல் வால் வரை மெதுவாக இழுத்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்த பெஞ்சு ராடோவான் கண்ணில் பட்டது. பதினோரு வருடமாக அங்கேயே இருந்ததுதான். அது ப்ரெடாவின் பழைய பலகை. மகள் நேஷா பிறக்கும்வரை அவள் பள்ளத்தாக்கு சங்கத்துக்காகப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் இறங்கியவள். குழந்தை வந்த பிறகு சனிக்கிழமைகளில் மலையடிவார விடுதியில் ஒருவர் குழந்தையோடு உட்கார வேண்டும், ஒருவர் மேலே போகலாம் என்று ஏற்பாடு. 'இந்த வாரம் நான், அடுத்த வாரம் நீ' என்று ராடோவான்தான் சொன்னான். சொல்லிவிட்டு மேலே போனான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். நேஷா இப்போது லியுப்லியானாவில் வேலைக்குப் போகிறாள். பழைய பலகை நிலவறையில் கிடந்தது. ஒருநாள் இடத்தை அடைக்கிறதே என்று மூன்றாக அறுத்து, நடுத்துண்டுக்கு நாலு கால் வைத்தான். அன்று சாயங்காலம் ப்ரெடா வந்து அதில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினாள். "உயரம் சரியா இருக்கு," என்று மட்டும் சொன்னாள். பாராட்டு என்று அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன யோசிக்கிற?" என்று இப்போது கேட்டான்.

"ஒண்ணுமில்ல. அழகா செஞ்சிருக்கார்."

சனிக்கிழமை இருவரும் ரோக்லா போனார்கள். ராடோவான் பைண்டிங்கைத் திருப்பினான், இன்னும் திருப்பினான், பாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறக்குறைய நேராக நிற்கும்வரை திருப்பினான். மதில்மேல் நடப்பவன் மாதிரி இருந்தது. அப்படியும் பூட்ஸ் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது.

முதல் வளைவு. சரிந்தான். அறுபத்துநான்கு கிலோவுக்குச் செய்த மரம் தொண்ணூற்றுச் சொச்சத்தைத் தாங்காமல் மூக்கை மடித்தது. பூட்ஸ் பனியில் இடித்தது. ஓரம் கிளம்பியது. ராடோவான் வயிற்றால் எண்பது மீட்டர் போனான். வயிறு போகிற அகலத்துக்குத் தடம் விழுந்தது. தலைக்குமேல் கம்பியில் தொங்கும் நாற்காலிகளில் போன, எல்லை தாண்டி வந்த கிராஸ் நகரத்துக்காரர்கள் மரியாதையாகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாம் முறை தோளால் போனான். மூன்றாம் முறை எதனால் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை.

விடுதி வாசலில் ப்ரெடா தேநீரோடு நின்றாள்.

"முட்டி வலிக்குதா?"

"முட்டி, தோள், இடுப்பு."

"எந்த இடுப்பு?"

அவன் பலகையிலிருந்து பனியைத் தட்டினான்.

"கொடு. ஒரு தடவை நான் போயிட்டு வரேன்."

"நீயா? எத்தனை வருஷம் ஆச்சு. கீழே விழுந்து எதையாவது உடைச்சுக்காத."

"உடைஞ்சா ஒட்ட வைக்கிற ஆள் நான்தானே."

காரின் பின்பெட்டியைத் திறந்து ஒரு பழைய பையை எடுத்தாள். அதில் அவளுடைய பந்தய பூட்ஸ். கெட்டி ஓடு நிறம் மங்கியிருந்தது, கொக்கிகளுக்கு மட்டும் புதிதாக எண்ணெய் போட்டிருந்தாள். குதிகாலில் அச்சடித்த எண்ணை ராடோவான் படித்தான். இருபத்தைந்தரை. அந்த எண் எங்கோ பார்த்த எண்ணாக இருந்தது.

"முன்கால் ஐம்பத்தெட்டு, பின்கால் ஐம்பத்தஞ்சு," என்றாள். அவன் மண்டியிட்டு, கோணம் பார்த்துத் திருகுகளை முடுக்கினான். பூட்ஸ் மாட்டியபோது ஒரு நூல்கூட வெளியே நீட்டவில்லை. கை வைத்துத் தடவிப் பார்த்தான்.

மேலேயிருந்து அவள் கிளம்பினாள். முதல் இரண்டு வளைவும் தயங்கித் தயங்கி. மூன்றாவதில் முதுகுக்குப் பழைய நினைவு வந்துவிட்டது போல. நான்காவதில் அவள் சரிந்த சரிவைப் பார்த்து ராடோவான் கத்தப் போனான். அவள் விழவில்லை. இடதுகை பனியைத் தடவிக்கொண்டே வந்தது, பிறகு வலதுகை. பலகை மடங்கவும் இல்லை, அதிரவும் இல்லை. சத்தம்கூட இல்லை, துணி கிழிபடுகிற மாதிரி மெல்ல ஓர் இரைச்சல் மட்டும்.

அவள் கடந்து போனதும் ராடோவான் சரிவில் கொஞ்சம் ஏறி அந்தக் கோட்டைப் பார்த்தான். பழக்க தோஷம், சுண்டுவிரலை வைத்து அளந்தான். நகத்தின் அகலம்கூட இல்லை. அதைத் தாண்டி மேலே பார்த்தால், மலை முழுக்க ஒரே இழையாக அது வளைந்து வளைந்து போயிருந்தது. இந்த மலையில் இருபத்திரண்டு குளிர்காலம் அவன் வெண்ணெய் தடவியிருக்கிறான், இந்தக் கோடு கீழே விடுதியில் பால்புட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. அவனுக்கு முகம் சுட்டது. குளிரால் இல்லை.

விடுதியில் இரண்டு கிண்ணம் ரிச்செத் சூப் வாங்கினார்கள். பார்லியும் பீன்ஸும் ஆவி பறந்தன. ராடோவான் கரண்டியைத் தொடவில்லை.

"அந்த அளவு," என்று ஆரம்பித்தான்.

"அக்டோபர்ல சில்வோ வீட்டுக்குப் போன் பண்ணினார். நீ எங்கேயோ கல் நட்டுக்கிட்டு இருந்த. படிவத்துல இருபத்தஞ்சரை, அறுபத்துநாலுன்னு இருக்கே, சரிதானான்னு கேட்டார். சரிதான்னேன்."

"யாரோட அளவுன்னு கேட்கலையா?"

"கேட்டார். என்னோடதுன்னு சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?"

அவனுக்கு யோசித்துப் பார்க்க நேரம் பிடித்தது. ஊரில் அத்தனை எண்கள் இருக்க, அவன் பேனா போய் விழுந்தது அவள் எண்ணில். தினம் காலையில் வாசலில் அவள் காலணியைத் தாண்டிப் போகிறவன். கால் அளவு கண்ணுக்குள் இருந்திருக்கிறது. கண்ணுக்கு மேலே மட்டும் ஏறவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்கிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"அப்புறம் என்ன."

ராடோவான் கிண்ணத்தை ஓரமாய் நகர்த்தி, "உன் பழைய பலகையை நான் அறுத்திருக்கக் கூடாது ப்ரெடா," என்றான்.

"பலகை போகட்டும். பழசுதான். நீ அறுக்காட்டியும் உளுத்திருக்கும்." அவள் ரொட்டியைப் பிட்டு சூப்பில் நனைத்தாள். "அடுத்த சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமைன்னியே. நான் ஒவ்வொரு வாரமும் பூட்ஸைக் காருல எடுத்து வெச்சேன். ஆறு வருஷம். அப்புறம் வெக்கறதை விட்டுட்டேன். நீ அதைக்கூடப் பார்க்கல."

ரிச்செத் ஆறிக் கெட்டியானது.

"சரி, இன்னும் ரெண்டு தடவை போயிட்டு வரேன்," என்று அவள் எழுந்தாள். "என் கோட்டைப் பிடி."

கோட்டைப் பிடித்தான். அந்த சனிக்கிழமை மட்டுமில்லை, பிப்ரவரி முழுக்கப் பிடித்தான். பழைய கடைப் பலகையை எடுத்துவர அவனுக்கு மனம் வரவில்லை. விடுதிச் சன்னல் மேசையில் உட்கார்ந்து, ஒரு தேநீரை எத்தனை நேரம் குடிக்கலாம் என்று கற்றுக்கொண்டான். உள்ளே புழுக்கம், வெளியே அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு போகிறார்கள், சன்னல் கண்ணாடி மங்கி மங்கிப் போகிறது. ஒரு பகல் எவ்வளவு நீளம் என்று நில அளவையனுக்கு அங்கேதான் தெரிந்தது. நேஷாவைப் போனில் கூப்பிட்டு, "சின்ன வயசுல அம்மா உன்னோட இங்க என்ன பண்ணுவா?" என்று கேட்டான். "சன்னல் வழியா உன்னைப் பார்த்து, 'அப்பா பின்காலை அழுத்துறார்'னு சொல்லிட்டே இருப்பா," என்றாள் மகள்.

மார்ச் முதல் வாரம், பெருமையெல்லாம் கரைந்தபிறகு, அவனே சில்வோவுக்குப் போன் செய்தான். ப்ரெடா வீட்டில் இல்லாத நேரம்.

"நான் ஸ்ரெச்சேயிலிருந்து ராடோவான் பேசறேன். போன வருஷம் படிவத்துல தப்பா எழுதிட்டேன்."

"தெரியும்," என்றார் சில்வோ. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடி நின்றது.

"இந்தத் தடவை உண்மையைச் சொல்றேன். பூட்ஸ் இருபத்தொன்பது. அகலம் நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி, லாரியா இருந்தாலும் சரி. அடுத்த குளிர்காலத்துக்கு ஒரு பலகை செஞ்சு தர முடியுமா? ரெண்டு பேரும் சேர்ந்து போகணும்."

"உங்க பேர் ஏற்கெனவே வரிசையில இருக்கே. அக்டோபர்லயே உங்க மனைவி சொல்லி வெச்சுட்டாங்க. இடுப்பு இருபத்திரண்டு, சாண்ட்விச் அடுக்கு, தகடு ரெண்டு. மரம்கூட எடுத்து வெச்சாச்சு. கெட்டியான மரமா கேட்டாங்க."

ராடோவான், கௌரவமாக ஒன்றாவது தன் வாயால் சொல்லலாம் என்று, "எடை தொண்ணூத்தொண்ணு," என்றான்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"இங்க தொண்ணூத்திநாலுன்னு இருக்கு."

"என் எடை எனக்குத் தெரியாதா?"

"இருக்கலாம்," என்றார் சில்வோ பணிவாக. "நான் அவங்க சொன்னதை வெச்சே செய்யறேன்."

போனை வைத்துவிட்டு ராடோவான் குளியலறைக்குப் போனான். தராசின்மேல் இருந்த தூசியை ஊதினான். காலணியைக் கழற்றினான், பெல்ட்டைக் கழற்றினான், கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு ஏறி நின்றான். தொண்ணூற்று நாலரை. அரை கிலோ ப்ரெடா தள்ளுபடி தந்திருந்தாள்.