ஐஸ் பெட்டியில் பென்சிலின்

பென்சிலின் ஊறுகாய் மாதிரி, மிச்சம் வைத்து வேண்டும்போது தொட்டுக்கொள்ளலாம் என்றுதான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்ப வைத்தவர் ஐஸ் நைனா. ராயபுரத்தில் அவரைப்போல ஊரார் மருந்தைக் காத்தவரும் இல்லை, தன் உடம்பைக் காக்கத் தெரியாதவரும் இல்லை.

யுத்தம் முடிந்து பென்சிலின் கடைக்கு வந்த புதிது. சீசாவை நாமே வாங்கி டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். கரைத்த மருந்து குளிரில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் குளிர் இருந்த ஒரே இடம், மீன் ஏலத்துக்கு ஐஸ் போடும் நைனாவின் மரப்பெட்டி. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதுமே ஊசியை நிறுத்திவிட்டு, மிச்சத்தை அவரிடம் கொடுத்துவைப்பார்கள். மரத்தூளுக்குள், வஞ்சிரத்தின் தலைமாட்டில், சீசாக்கள் தூங்கும். யார் என்ன நோயென்று வந்தாலும் ஒன்றை எடுத்து நீட்டுவார். கல்யாணத்துக்கு முதல்நாள் நடுங்கிய மாப்பிள்ளைக்கும் நீட்டினார் என்று பேச்சு.

ஒரு மழைக்காலத்தில் எனக்குச் சளி பிடித்தது. நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. இரண்டு தும்மலிலேயே நிமோனியா என்று முடிவுகட்டி, என் சைக்கிள் யாருக்குப் போய்ச் சேரும் என்பதுவரை யோசித்துவிட்டு, அதே சைக்கிளில் நைனாவிடம் பறந்தேன்.

கெளுத்தி முள் குத்திப் புரையோடிய காலைப் பெட்டிமேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாமு, மூஞ்சி தொங்கிகினு கீது?"

"சாவப்போறேன் நைனா."

"சாவறவன் சைக்கிள் மிதிச்சிகினு வருவானா? இந்தா, இந்த சீசா என்னுதுதான், காலுக்குப் போட்டுகினது. எனக்கு வலி வுட்டுப்போச்சி, நீ போட்டுக்கோ."

டாக்டர் என் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். "வெறும் சளி. இதுக்கு பென்சிலின் கேக்காது, கஞ்சி குடிச்சிட்டுத் தூங்கு. இது யார் மருந்து?"

நைனாவின் கால் கதையைச் சொன்னேன். டாக்டர் முகம் கறுத்தது. வலி விட்டதும் கிருமி போய்விட்டதாக அர்த்தமில்லையாம். சொன்ன நாள் முழுக்கப் போட்டால்தான் அடங்குமாம். இந்தக் கலங்கிய சீசா இனி உதவாது, ஆளை உடனே கூட்டி வா என்றார்.

தும்மிக்கொண்டே திரும்பினேன். நைனா சிரித்தார். "ஊருக்கே மருந்து குடுக்கறவனுக்கு நீ மருந்து சொல்றியா?" கெஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் ரிக்‌ஷாவையே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அதில் ஐஸ் பாளத்தை ஏற்றி ஏலத்துக்கு அனுப்பிவிட்டார்.

சில நாளில் கால் தொடைவரை வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காய்ச்சல் பிதற்றலுக்கு நடுவே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமு, ஒன் சளி எப்டி கீது?"

"போயிடுச்சி நைனா."

"நான் சொல்லல? மருந்து நல்ல மருந்து."

நான் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே இல்லை என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. சளி தானாகத்தான் போனது. நைனா மறுநாள் விடியுமுன் இறந்துபோனார்.