கைரியா வீட்டுக் கிண்ணம்

கமலம் பக்கத்து வீட்டிலிருந்து வந்த கிண்ணத்தின் மூடியைக் கொஞ்சமாகத் திறந்து மூக்கை மட்டும் கிட்டக் கொண்டுபோனாள்.

"கறுவாப்பட்டை வாசம் தூக்குது. எதையோ மறைக்கத்தான் இம்புட்டுக் கறுவா போட்டிருக்கா."

"நல்ல வாசமாத்தானே இருக்கு?" என்று புருஷன் தனபாலன் கிண்ணத்துக்குக் கை நீட்டினார்.

"கையை எடுங்க! எந்தச் சட்டியில ஆக்கினதோ, யாரு கண்டா?"

தனபாலன் கையை எடுத்துக்கொண்டார். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது.

கமலத்தின் சமையலறைச் சட்டம் ஊரறிந்தது. கெலிஓயா டவுன் கடைத்தூள் எதுவும் அந்த வீட்டு வாசலைத் தாண்டாது. மிளகாயைக் கழுவிக் காயவைத்துத் தன் கையால்தான் இடிப்பாள். அரிசியை நாலு தண்ணீர் கழுவுவாள். தனபாலனின் ஒற்றைக் கிளாக்கர் சம்பளத்தில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சுத்தமான வீட்டுச் சாப்பாடு மாசக் கடைசி வரை தட்டில் விழ வேண்டும். அதற்காக ஒரு தேங்காயை இரண்டு நாளைக்குத் திருவுவாள். அப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் இந்த எனாமல் கிண்ணம் வந்து புகுந்தது.

மூன்று மாதத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள் கைரியா. வந்த மூன்றாம் நாளே வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் நீட்டினாள். ஈரப்பலாக்காய்ப் பால்கறி. முகம் கொள்ளாத சிரிப்பு வேறு.

முன்பின் தெரியாதவள் ஏன் சிரிக்க வேண்டும்? ஏன் கறி தர வேண்டும்? கமலத்துக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. எதிர் வீட்டுப் பரிமளத்திடம் போய் யோசனை கேட்டாள். பரிமளம் கல்யாணமாகி நாலு மாதமே ஆன சின்னப் பெண் என்றாலும் விவரமானவள்.

"ஐயோ, வாயில வச்சிராதீங்க அக்கா," என்றாள் பரிமளம் ரகசியமாக. "மாடு ஆக்குற சட்டியா இருந்தா? கொட்டினாலும் பாவம். இங்க குடுங்க, ஸ்டேஷன் பக்கம் ஒரு ஏழைக் குடும்பம் இருக்கு. அதுக வயிறாரச் சாப்பிடும்."

கமலத்துக்கு நெஞ்சு லேசானது. ஆனால் கழுவின கிண்ணம் கையில் இருக்கிறதே! வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்ப நல்ல குடும்பத்துப் பெண்ணால் முடியுமா? பருப்பை ஊற்றி அனுப்பினாள்.

மறுநாளே கிண்ணம் கத்தரிக்காய் பொரித்த கறியோடு திரும்பி வந்தது.

'கொஞ்சமாக அனுப்பினால் ரோசப்பட்டு நிறுத்திவிடுவாள்' என்று நாலு துண்டு எலுமிச்சை ஊறுகாய் வைத்து அனுப்பினாள் கமலம். வந்தது முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். அதுவும் முந்தினதைவிடப் பெரிய கிண்ணத்தில்!

'அப்படியா சங்கதி? இவள் வெட்கப்படுகிற மாதிரி அனுப்புகிறேன் பார்' என்று இரண்டு தேங்காய்ப் பால் பிழிந்து பிலாக்காய்க் கறி ஆக்கி விளிம்பு வரை நிரப்பி அனுப்பினாள். கைரியா வெட்கப்படவில்லை. நெய்ச்சோறு அனுப்பினாள்.

"என்னமோ திட்டம் இருக்கு," என்றாள் கமலம். "வேலியத் தள்ளிப் போடப் பாக்குறாளா? கேக்கக் கூடாததக் கேக்கப் போறாளா?"

"பாவம், பாசத்துல தர்றாங்க புள்ள."

"பாசமாம்! நீங்க சும்மா இருங்க."

வருவதெல்லாம் பரிமளம் வழியாக ஏழைக் குடும்பத்துக்குப் போயிற்று. போவதெல்லாம் கமலத்தின் பிள்ளைகளின் தட்டிலிருந்து போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி குறை சொல்லிவிடக் கூடாதே என்று நல்ல கறி கிண்ணத்துக்கு, வெறும் பருப்பும் சம்பலும் வீட்டுக்கு என்றாகிவிட்டது. சின்ன மகள் தட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, நம்மளும் பக்கத்து வீடா இருந்திருக்கலாம்," என்றாள். கமலம் தன் பங்குச் சம்பலையும் அவள் தட்டில் வைத்தாள்.

போதாக்குறைக்கு ஒருநாள் தனபாலன் கண்டி ஒபிஸிலிருந்து வந்ததும் வராததுமாய் ஆரம்பித்தார்.

"பரிமளத்தோட புருஷன் திருச்செல்வம் எனக்குக் கீழ வேலை செய்றவன். சம்பளம் என்னுதுல பாதி. மத்தியானச் சோத்துப் பார்சலைத் திறந்தா நாலு கறி! இன்னைக்கு எனக்கும் கொஞ்சம் வச்சான். பிலாக்காய்க் கறி. என்னா கைப்பக்குவம்! நீயும் ஒரு காலத்துல ஆக்கினதானே? அந்த ருசி வராது. போய்க் கத்துக்க."

பிலாக்காய் சீசனில் ஊரே அதைத்தான் ஆக்கும். ஆனாலும் நேற்றுக் கல்யாணமான பெண்ணிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டுமாம்! கமலம் கத்தரிக்காயைத் துண்டு துண்டாக்கினாள். மறுநாள் மானத்தை விட்டு எதிர் வீட்டுக்குப் போனாள்.

"எப்படிம்மா கட்டுப்படியாகுது?"

"சிக்கனந்தான் அக்கா," என்றாள் பரிமளம் அடக்கமாக. "கைக்கு வர்ற ஒண்ணையும் வீணாக்க மாட்டேன்."

கமலம் வீட்டுக்கு வந்து தேங்காய்க் கூடையைப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள். போதும்டா சாமி என்று, கைரியாவின் கிண்ணத்தைப் பளபளவென்று கழுவி, வெறுமையாகவே வேலித் தூணில் கவிழ்த்துவிட்டாள்.

அன்றும் மறுநாளும் வேலிப் பக்கம் சத்தமே இல்லை. கமலத்துக்குத் தூக்கமும் இல்லை. மூன்றாம் நாள் சாயந்தரம் கைரியா கிண்ணத்தோடு வேலியில் வந்து நின்றாள். சிரிப்பைக் காணோம்.

"எனத்துக்குக் கமலம் வெறுங் கிண்ணத்த வச்ச? நான் எனத்த பிழை செஞ்ச?"

"எங்களுக்குக் கட்டுப்படியாகல," என்று கமலம் உடைத்தே சொன்னாள். "எம் புள்ளைகளுக்குப் பால்கறி ஆக்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? நீங்க நிப்பாட்டினாத்தானே நான் நிப்பாட்ட முடியும்?"

"அல்லாஹ்! நீங்க நிறைச்சி அனுப்பக்குள்ள நான் எப்பிடி வெறுமையா அனுப்புற? எங்கட வீட்டிலயும் புள்ளைகளுக்குப் பேக்கரிப் பாணும் பருப்பும்தான்!"

"சரி, நான் மூணு மாசமா அனுப்பினதைச் சாப்பிட்டீங்கதானே? ருசி எப்படி?"

கைரியாவின் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. முந்தானையைச் சரிசெய்தாள். வானத்தைப் பார்த்தாள். கமலத்தின் சந்தேகம் தலைக்கு ஏறியது. அதற்குள் கைரியா முந்திக்கொண்டாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா நான் தந்தத?"

கமலம் வேலியிலிருந்த காய்ந்த இலையைப் பிய்க்கத் தொடங்கினாள். நல்ல வேளையாக அந்த நேரம் பார்த்து தனபாலனும் திருச்செல்வமும் பஸ்ஸை விட்டு இறங்கி ஒழுங்கை வழியே நடந்து வந்தார்கள். இரண்டு பெண்களும் மூச்சு வாங்க நிற்பதைக் கண்டதும் திருச்செல்வம் ஓட்டமும் நடையுமாக வந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்காமாரே, சண்டையச் சீக்கிரம் முடிச்சிருங்க! பரிமளத்துக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் எங்களுக்குன்னு பாசமாக் குடுத்தனுப்புற கறி நின்னதுல இருந்து வெறும் பாணோடதான் ஒபிஸ் போறேன்!"