மாட வீதித் தீவு

கொளுத்தும் வெயில். பகல் பன்னிரண்டு மணி. என் சூரிய மின்சாரம் நின்றுபோனது. திட்டம் தொடங்கிப் பதினோராவது நாள்.

திட்டம் சின்னது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் என் வீடு இனி ஒரு தீவு. வெளி மின்சாரம் உள்ளே வராது. மொட்டை மாடி முழுக்க எட்டு பேனல். கீழே பேட்டரி. மீட்டர் பெட்டியிலிருந்த ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். குளிக்கும்போதுகூட எட்டும் தூரத்தில்தான் வைப்பேன்.

பந்தயம் பையன் அச்யுத்தோடு. வேளச்சேரியில் ஏழாவது மாடியில் இருக்கிறான். வயசான காலத்தில் நீங்கள் இரண்டு பேரும் தனியாக எதற்கு, இங்கே வாருங்கள் என்று மூன்று வருடமாக நச்சரிப்பு. முப்பது நாள் அந்தக் கட்டையை மாட்டாமல் ஓட்டிவிட்டால் அவன் வாயைத் திறக்கக்கூடாது. மாட்டினால் நான் மூட்டை கட்ட வேண்டும்.

இப்போது ஃபேன் நின்றுவிட்டது.

எலெக்ட்ரீஷியன் அன்வர் பாஷா சாயங்காலம் வந்தார். மாடிக்குப் போய்ப் பேனலை விரலால் தடவினார். விரலை நாக்கில் வைத்தார்.

"உப்பு கீது, மாமா."

கடற்காற்று என்றேன். மெரினா பக்கத்தில்தானே இருக்கிறது.

"காரமும் கீதே. கடல்ல ஏது மாமா மிளகாய்?"

ஆளுக்கு நாக்கு கெட்டுவிட்டது என்று அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு எட்டு பேனலையும் கழுவினேன். பன்னிரண்டுக்கு மறுபடி ஃபேன் நின்றது. முழங்கால் வலியைப் பாராமல் மாடியேறினேன்.

பேனல்களின்மேல் என் எட்டு முழ வேட்டிகள். ஓரமெல்லாம் துணிக் கிளிப். வேட்டிகளின்மேல் வரிசை வரிசையாக அரிசி வடாம். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு என் மனைவி அபயாம்பாள் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"வடாம்."

"அது தெரியறது. இங்க ஏன்?"

"மாடி பூரா நீங்கதானே அடைச்சிண்டுட்டேள். நன்னா வெயில் விழறாப்ல சாச்சு வச்சிருக்குன்னு ஊரெல்லாம் சொன்னேளே. பாருங்கோ, காஞ்சு கலகலன்னு இருக்கு."

அரை மணி நேரம் கத்தினேன். அவள் ஒரு காக்காயையும் தவற விடவில்லை. கடைசியில் பேரம். நாலு பேனல் எனக்கு, நாலு அவளுக்கு.

பாதிப் பேனலில் வீடு ஓடுமா என்று பயந்தேன். ஓடியது. அன்று முதல் ஃபேன் நிற்கவில்லை. மிக்ஸி ஓடியது. கிரைண்டர் ஓடியது. மேகம் மூடிய நாளிலும் பேட்டரி நிரம்பியே இருந்தது. சூரியனை அடக்கி ஆளத் தெரிந்தால் நாலு பேனல் போதும் என்று கபாலி கோயில் குளத்தங்கரையில் நாலு பேரிடம் விளக்கினேன்.

முப்பதாம் நாள் அச்யுத் போன் செய்து தோல்வியை ஒப்புக்கொண்டான். அன்வர் பாஷாவை வரவழைத்தேன். வடாம் பொரித்து வைத்து, மடியிலிருந்து கட்டையை எடுத்து நீட்டினேன். மாட்டுங்கள், நான் ஜெயித்தாயிற்று என்றேன்.

அவர் மீட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எங்க மாட்றது, மாமா? அங்க ஏற்கெனவே ஒண்ணு கீது."

புத்தம்புதுக் கட்டை. அபயாம்பாளைப் பார்த்தேன். அவள் வடாமைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கடையில கேட்டேன், குடுத்தான். நானே மாட்டிட்டேன்."

"எப்போ?"

"நாலு பேனல் வாங்கிண்டேனே, அன்னிக்கு சாயங்காலம்."

பதினெட்டு நாள் நான் மடியில் காத்தது எதை? பந்தயத்தையே கெடுத்துவிட்டாயே என்றேன். மூட்டையைக் கட்டு, வேளச்சேரிக்குப் போகலாம் என்றும் சொன்னேன்.

"போலாம். ஏழாவது மாடியில பால்கனில துணி காயப்போடவே விடமாட்டா. வடாமை எங்க போடுவேன்? நீங்களே சொல்லுங்கோ."

அன்வர் பாஷா வடாமை ஒரு கடி கடித்தார். மெதுவாக மென்றார்.

"அதே காரம்தான், மாமா."

பழைய கட்டையை மறுபடி மடியில் செருகிக்கொண்டேன். அச்யுத்துக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. என் தீவை மூழ்காமல் காப்பாற்றியது சூரியன் இல்லை, அபயாம்பாள்.